வெள்ளேரி நீரை முதலில் யார் குடிப்பது

மங்கலம் பெருகுக. மூன்று புறமும் கடல் காவல் நிற்க, ஒருபுறம் மலை தோள் கொடுக்க, குடை சாயாது கோலோச்சும் வேங்கைமலை நாட்டு மன்னர் நெடுங்குடைச் சேந்தர் திருவடி வாழ்க. அம்மன்னரின் வலக்கையும், அவர் பேச வேண்டியவற்றை அவருக்கு முன்பே பேசிவிடும் நாவுமாகிய பேரமைச்சர், கல்விக்கடல், கேள்விக்கு இடியேறு, ஆதிரையனார் சமுகத்துக்கு, மிந்தாரை மாநகரில் நம் தூதனாக அமர்ந்திருக்கும் நன்னாகன் தலை தாழ்த்தி எழுதும் ஓலை. இங்கு யாவரும் நலம். அங்கும் நலமென்றே நம்ப வேண்டும் என்பது தங்கள் ஆணை, நம்புகிறேன்.

நம் நாட்டு ஏரி நீரால் வாந்தியும் கழிச்சலும் பரவி ஊர்கள் வெறுமையாவதைக் கண்டு, நீரைத் தூய்மை செய்யும் கலையைக் கற்றுவருமாறு தாங்கள் அனுப்பிய மாணாக்கர் குழு சென்ற வளர்பிறையில் இங்கே கரையிறங்கியது. கூடவே தங்கள் திருக்கட்டளையும் இறங்கியது: அயல்மண்ணில் எதைக் கண்டாலும், "எம் நாட்டில் இதனினும் பெரிது உண்டு" என்று முழங்கிய பின்பே நம்மவர் வேறு சொல் பேச வேண்டும்; நாட்டைத் தாழ்த்திப் பேசுவோன் நா அறுக்கப்படும். கற்கப் போகிறவர்களுக்கு இதனினும் சிறந்த காப்பு வேறில்லை. எதுவும் உள்ளே புக முடியாது.

இறங்கிய அன்றே தலைமாணாக்கர் பூவந்தி நம்பி, தங்கள் தமக்கையின் திருமகனார், ஏனையோர் வெண்குடை பிடிக்க, சங்கு ஊத, மன்னர் புகழ் முழுதும் ஓதியபடி நகர் காணப் புறப்பட்டார். மீன் விற்கும் சந்தில் குடை இருபுறத்துக் கூரையிலும் சிக்கி முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றது. அங்கே மீன் அரிந்துகொண்டிருந்த ஒருத்தி சொன்னதை நம் மொழிபெயர்ப்போன் மறைக்காமல் சொல்லிவிட்டான்: "வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல, எதுக்குடா இவ்வளவு பெரிய குடை? மடக்குங்கடா, மீன் நாறுது!" நம்பி சற்றும் அயராமல், எம் நாட்டு மீன் இதனினும் பெரிது என்றும், இதனினும் மிகுதியாக நாறும் என்றும் முழங்கினார். அவள் கைகூப்பி வழிவிட்டாள்.

மறுநாள் நகரத்தார் அன்போடு யாவற்றையும் காட்டினர். கல்பாலத்தைக் காட்டினர், எம் பாலம் இதனினும் நீளம் என்றார். நாழிகை அறிவிக்கும் கோபுரத்தைக் காட்டினர். எம் கோபுரம் இதனினும் உயரம், எம் நாழிகையும் இதனினும் நீளம் என்றார். சிறைக்கோட்டத்தைக் காட்டியபோதும், எம் நாட்டில் இதனினும் பெரிது உண்டு என்றார். அன்று அவர் சொன்னவற்றுள் அது ஒன்றே உண்மை. பின்னால் நடந்த மாணாக்கர் ஒவ்வொருவரும் அதையே வழிமொழிந்தனர். பல்வலியால் கன்னம் வீங்கி நின்ற ஒரு பெண்பிள்ளையைக் கண்டு, பழக்கத்தால் ஒருவன் அங்கும் அதையே சொல்லிவிட்டான். அவள் அழுகையை நிறுத்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் நீர்க்கோட்டத்துக்குப் போனோம். இதற்காகத்தான் கடல் தாண்டி வந்தார்கள் என்பது அதற்குள் பலருக்கும் மறந்திருந்தது. கலங்கிய ஆற்றுநீர் ஒருபுறம் புகுந்து மறுபுறம் பளிங்காக வருவதைக் கண்டேன். அதன் தலைவி மெசாரி, நரைத்த தலையும் நனைந்த முன்கையுமாக வந்து வரவேற்று, உங்கள் நாட்டில் நீரால் வரும் நோய் எப்படிப்பட்டது, சொன்னால் அதற்கேற்ற முறையைச் சொல்லித் தருவேன் என்றாள். நம்பி மார்பை நிமிர்த்தி, எம் மன்னர் குடைநிழலில் நோய் என்பதே இல்லை, எம் ஏரிநீர் இதனினும் தெளிவு என்றார். அவள் தலையசைத்தாள். அத்துடன் எல்லாம் முடிந்திருக்கும்.

அப்போதுதான் வெள்ளேரி ஊரான் தித்தன் என்னும் மாணாக்கன் முன்வந்தான். குற்றச்சொல்லைத் திருத்தாமல் உள்ளபடியே எழுத வேண்டும் என்பது சட்டமாதலால், அவன் வாய்மொழியை அப்படியே எழுதுகிறேன்:

"அம்மா, நோய் இருக்கு. எங்க ஊர்ல பொணம் தூக்க ஆள் இல்ல. நான் கப்பல் ஏறுற அன்னிக்கு என் தங்கச்சி எந்திரிக்க முடியாம கெடந்தா. அந்த ஏரித் தண்ணியத்தான் இப்பவும் குடிச்சுக்கிட்டிருப்பா. எப்படிச் சுத்தம் பண்றீங்கன்னு சொல்லிக் குடுங்க."

நம்பி, கல்விக்கடலின் மருமகனாருக்கு ஏற்ற நடையில், "டேய், வாய மூடுடா! மாமா காதுல விழுந்தா நாக்கு இருக்காது," என்றார்.

"நாக்க வச்சுக்கிட்டு என்ன பண்றது நம்பி? ஒரு வாய் தண்ணி குடிக்கவே பயமா இருக்கு," என்றான் அவன்.

மெசாரி அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அதன்பின் சில நாள் அவன் விடுதிக்கு வரவில்லை. இடுப்பளவு நீரில் நின்று கற்றுக்கொண்டிருந்தான். ஏனையோர் பட்டுக்கடைத் தெருவை மிக ஆழமாக ஆராய்ந்தனர். அவன் திரும்பிய அன்று, நம்பியின் முறையீட்டின்படி அவனுக்குத் தளை பூட்டினேன். குற்றத்தை மறுக்கிறாயா என்று கேட்டேன். மறுக்கவில்லை. தங்கை பெயரைச் சொல்லி, அங்கிருந்து ஏதும் செய்தி வந்ததா என்று மட்டும் கேட்டான். நோயே இல்லாத நாட்டிலிருந்து நோயாளியைப் பற்றிய செய்தி எப்படி வரும்? இல்லை என்றேன்.

இனிமேல்தான் தங்கள் வெற்றியைச் சொல்ல வேண்டும். மிந்தாரையின் பேரவை கூடி ஒரு முடிவெடுத்துள்ளது. தித்தன் சொன்னதை அவர்கள் கேட்காமல் இல்லை. ஆயினும், தலைமாணாக்கரைப் பொய்யர் என்றால் விருந்தினரை இகழ்ந்ததாகும். ஆகவே அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நம்புவதெனத் தீர்மானித்தார்கள். தம்மினும் பெரியோர்க்குக் கற்பிப்பது தகாது என்று இனி நம்மவர்க்கு எல்லாக் கோட்டங்களின் கதவையும் மரியாதையோடு மூடிவிட்டார்கள். அது மட்டுமன்று. நெடிய பாலம், உயர்ந்த கோபுரம், நோயறியா ஊர்கள் ஆகியவற்றைக் கண்டு கற்றுக்கொள்ளத் தம் மாணாக்கரை நம் நாட்டுக்கு அனுப்புகிறார்கள். அமாவாசை கழிந்ததும் கப்பல் புறப்படும். முன்னே நடத்தி வருபவள் மெசாரி. இவ்வோலை விரைவுப் படகில் வருவதால் தங்களுக்குப் பாலம் கட்டச் சிறிது பொழுது கிடைக்கும்.

அவள் முதலில் காண விரும்புவது வெள்ளேரி. அதன் நீரைப் பேரமைச்சர் கையால் வாங்கிப் பருக வேண்டுமாம். இவ்வூர் விருந்துமுறை ஒன்றைத் தாங்கள் அறிந்திருப்பது நன்று: அளிப்பவர் முதலில் தாமே ஒரு குவளையை முழுதும் குடித்துக் காட்டுவார், அதன்பின்பே விருந்தினர் வாய் வைப்பர். தாங்கள் இதை மறுத்தால், எம் நாட்டு நீருக்கு அஞ்சுகிறோம் என்று நாடறியச் சொன்னதாகும். அதற்குரிய தண்டனையைத் தாங்களே வகுத்திருக்கிறீர்கள்.

தித்தனையும் ஆணைப்படி அதே கப்பலில், தளையோடு ஏற்றுகிறேன். வேங்கைமலை நாட்டாருள் அந்நீரைத் தூய்மை செய்யத் தெரிந்தவன் அவன் ஒருவனே. அவனிடம் கேட்டு அம்முறையை இவ்வோலையிலேயே எழுதியிருப்பேன். அயலார் கலையை அரச ஓலையில் ஏற்றுதல் நமக்கு இழிவென்று தாங்கள் முன்னமே தடுத்திருப்பதால் எழுத்தாணியை அடக்கிக்கொண்டேன். ஆகவே அது அவன் நாவில் மட்டும் இருக்கிறது. நாவை அறுப்பதா, தளையை வெட்டி வெள்ளேரிக்கு அனுப்புவதா என்பதைத் துறைமுகக் காவலர்க்குக் காலத்தோடு தெரிவித்தருள வேண்டுகிறேன். அறுப்பதே முடிவானால், அவன் சொல்லி முடித்த பிறகு அறுக்கலாம். தங்கை இருக்கிறாளா என்பதையும் யாரேனும் போய்ப் பார்த்து அவனுக்குச் சொன்னால், சொல்லுவது தடையின்றி வரும்.

குடை ஓங்குக, ஏரி தெளிக, இதைப் படிப்பவர் தாகம் தணிக. பாயும் வேங்கை பொறித்த முத்திரை இட்டு, அரக்கு உலர்ந்தபின் படகோட்டி கையில் தருகிறேன். நன்னாகன் எழுத்து.

முத்திரை இட்டபின் நினைவு வந்து, ஓலையின் விளிம்பில் எழுதியது: தாங்கள் குடிக்க வேண்டிய குவளையை மெசாரியே கொண்டு வருகிறாள். இன்று கண்டேன். நம் நாட்டில் உள்ளதினும் பெரிது.