சம்சம் தண்ணீரில் நனைத்த துணி

2020 டிசம்பர்

என் செல்ல மகள் முனவ்வராவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். ஜித்தாவில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேலை செய்யும் வீட்டு மேடத்தின் வாயில் அகப்படாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே நானும் உன் மகள் நஸ்ஹாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை வரவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நீ கோல் எடுக்கும்போது சொல்லலாம்தான், ஆனால் நீ அழுவாய், நீ அழுதால் நான் வேறு கதைக்குப் போய்விடுவேன், உனக்குத் தெரியும்தானே. தபாலும் ஓடவில்லை. அதனால் இதை எழுதி உன் வாப்பாவின் தங்கச்சி, பக்கத்து வீட்டுச் சித்தி லெய்லா மாமியிடம் கொடுத்து, போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன். அவள் படித்துப் பார்ப்பாள். பார்க்கட்டும், அவளைப் பற்றியும் இதில் இருக்கிறது.

ஊர் முன்னைப் போல் இல்லை மகள். விடிந்தால் நகரசபையின் ஓட்டோ ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வரும், வெளியே வராதே, மாஸ்க் போடு, காய்ச்சல் என்றால் மறைக்காதே என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்திக்கொண்டு போகும். மீன் சந்தையைப் பூட்டி மருந்தடித்துவிட்டார்கள். நமது ஒழுங்கை முனையில் மஞ்சள் நாடா கட்டியிருக்கிறது, மீன்காரர் இன்னாசித்தம்பி அதற்கு அந்தப் பக்கம் நின்று கம்பில் பையைக் கொழுவி நீட்டுகிறார். நாங்கள் என்ன திருக்கையா, கிட்ட வந்தால் குத்திப்போடுவோமா என்று கேட்டேன், சிரித்தார், ஆனால் கிட்ட வரவில்லை. மாம்புரித் தோட்டங்களிலிருந்து மரக்கறி வந்தால் நகரசபைப் பிள்ளைகள் பையில் போட்டு வீட்டுக்கு வீடு வைத்துவிட்டுப் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. உன் புருஷன் முஆஸ் இன்னும் கொழும்பில் கடைக்குள்ளேயே பூட்டுப்பட்டுக் கிடக்கிறார், நேற்றும் கதைத்தார், குரல் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்த ஸ்டிக்கர்தான் பயம். யார் வீட்டில் நோயோ அந்தப் படலையில் சிவப்பு எழுத்தில் ஒட்டுவார்கள். முதலில் பள்ளிவாசல் பக்கம் ஒன்று ஒட்டினார்கள், பிறகு பொதுக் கிணற்றடியில், இப்போது எதிர்வீட்டில். படலையைத் திறந்தால் கண் முதலில் அங்கேதான் போகிறது.

நோய்க்கு இங்கே யாரும் அவ்வளவு பயப்படவில்லை. மவுத்தானால் எரித்துவிடுவார்கள், பயம் அதற்குத்தான். அது நகரசபையின் முடிவில்லை, கொழும்பில் போட்ட சட்டம். சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. மாத்தயா பள்ளிவாசலுக்கு வந்து அதைச் சொல்லும்போது அந்த மனுசன் தலையைத் தூக்கவில்லையாம். அன்றைக்குத் தொடங்கியது இந்த ஒளிப்பு. காய்ச்சல் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் முன்கூட்டியே பனடோலைப் போட்டு, நெற்றியில் ஈரத் துவாயை வைத்து எடுத்து, காய்ச்சல்காரரை முற்றத்தில் நிறுத்திச் சிரிக்கவும் வைப்பார்கள். இருமல் கூடியவரைப் பின்பக்கத்துத் தேங்காய் அறையில் வைத்துப் பூட்டுவார்கள். ஊரே இதில் கெட்டிக்காரராகிவிட்டது.

எதிர்வீட்டு ஆசியா உம்மாவையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். சீனி வருத்தம் கூடிவிட்டது என்று அவருடைய மகன் றிஸ்வி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் சுபஹு தொழுத கையோடு வந்து படலையில் நின்று, மாமி, உம்மா மவுத்தாகிட்டா, நீங்கதான் குளிப்பாட்டணும், வேற ஆரும் வரமாட்டாங்க என்றான். ஒழுங்கையில் பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுவது நான்தானே, எப்படி மாட்டேன் என்பது. அறைக்குள் போனதுமே எனக்கு விளங்கிவிட்டது, அது சீனி வருத்தத்து மவுத்து இல்லை. உதடும் நகமும் நீலம் பாரித்துப் போயிருந்தன. தெரிந்தும் தெரியாதது போல இலந்தை இலை போட்ட தண்ணீரை ஊற்றினேன். றிஸ்வியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்ல வேண்டி வரும், சொன்னால் நான் மறைக்க வேண்டி வரும். கடையெல்லாம் பூட்டு, மையித்தைச் சுற்றக் கபனுக்கு வெள்ளைத் துணி கிடைக்கவில்லை. மகள், கோபித்துக்கொள்ளாதே, நீ மக்காவுக்குப் போன நேரம் சம்சம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து எனக்கென்று அனுப்பிய கபனை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆசியா உம்மா இப்போது உன் வாப்பாவின் கபுறுக்குக் கிட்ட, மண்ணுக்குள் இருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் றிஸ்வி மூச்செடுக்க முடியாமல் விழுந்தான், ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள், ஸ்டிக்கரும் நாடாவும் வந்தன. முந்தநாள் நான் கருவாடு பொரித்தேன், எனக்கு மணமே தெரியவில்லை. நஸ்ஹாதான் உம்மும்மா, சட்டி கருகுது என்று ஓடி வந்தாள். அத்தர் போத்தலைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன், வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. பிறகு காய்ச்சல். மதிலுக்கு மேலால் சித்தி லெய்லாவிடம் சொன்னேன். அவள் கொத்தமல்லி அவித்துத் தந்துவிட்டு, காய்ச்சலெண்டு வாயத் தொறக்காதீங்க மச்சி, கொண்டு போனா சாம்பலத்தான் தருவாங்க என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், உன்னிடம் எதற்குப் பொய். எத்தனை பேரைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அனுப்பியிருக்கிறேன், எனக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போவதா என்று யோசித்து யோசித்து அழுதேன்.

இன்று காலை நஸ்ஹாவுக்கு அந்தப் பழைய மூச்சிழுப்புத் தொடங்கிவிட்டது. பம்ப் அடித்தும் அடங்கவில்லை, விலா எலும்பு உள்ளே போய் வருகிறது. சித்தி லெய்லா புள்ளயயும் உள்ளுக்கு வைங்க, மாத்தயா கேட்டா எத்தாளைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிட்டா எண்டு சொல்லுவம் என்றாள். நானும் போய்த் தேங்காய் அறையைக் கூட்டிப் பாயை விரித்தேன். நஸ்ஹா வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஆசியா உம்மாவயும் இப்படித்தானே வச்சிருந்த, அவ பொறகு வெளிய வரவே இல்லயே என்றாள். பாயைச் சுருட்டிவிட்டு நாடாவடிக்குப் போய், தூரத்தில் நின்றே, அங்கே வந்திருந்த பீ.எச்.ஐ. மாத்தயாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குளிப்பாட்டியதையும் சொன்னேன். எங்கே அடக்கினீங்க என்று கேட்டார், மையவாடியில் என்றேன், எந்த இடம் என்று சொல்லவில்லை. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அம்புலன்ஸ் அனுப்புகிறேன், இரண்டு பேரும் ஆயத்தமாக இருங்கள் என்றார்.

அது வருவதற்குள்தான் இதை எழுதுகிறேன். நஸ்ஹாவின் பம்பும் பச்சைச் சட்டையும் பையில் இருக்கின்றன, முஆஸுக்குச் சொல்லிவிட்டேன். சித்தி லெய்லாவோடு கோலில் சண்டைக்குப் போகாதே, அவள் என் மேல் உள்ள பாசத்தில் சொன்னவள். உன் மகளை நான் ஒளிக்கவில்லை, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள். எனக்கு ஏதும் நடந்து அவர்கள் எரித்தாலும் நீ துஆக் கேட்பதை விடாதே, நெருப்பு உடம்பைத்தானே எரிக்கும். அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளையையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைக்கட்டும், உன் கைக்குப் பரக்கத்தைத் தரட்டும், ஆமீன். ஒன்றை மறந்துவிடாதே. மக்காவுக்குப் போக வழி திறந்ததும் எனக்கு இன்னொரு கபன் வாங்கி, முன்னைப் போலவே சம்சத்தில் நனைத்து அனுப்பு. இனி எதற்கு உம்மா என்று கேட்காதே. அது வந்து சேரும் வரைக்கும் என்னை உயிரோடு வை, ஹயாத்தைத் தா என்று அல்லாஹ்விடம் கேட்டிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
உன் உம்மா,
உம்மு குல்தூம்