நான் அளந்ததும் அவன் எழுதிக்கொண்டதும்

மார்ச் 2, திங்கள்

ஆஸ்பத்திரியின் பழைய லிஃப்டை இன்று எழுப்பிவிட்டேன். நான்கு இன்ஜினியர்கள் மூன்று நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்ட லிஃப்ட். நான் போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டேன், ஒரு ரிலே சுவிட்சை மாற்றினேன், பஞ்சு மாதிரி மேலே போனது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் செய்த வேலை!

(நான்கு இன்ஜினியர் இல்லை. ஒருவர். அவரும் லீவில் இருந்தார்.)

சாயங்காலம் மொட்டைமாடியில் கம்பவுண்டரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக்கடையில் முப்பது வருஷம் மாத்திரை எண்ணியவர். அந்தப் புத்தி போகாமல் என் கதைகளையும் எண்ணிப் பார்ப்பார். "படியேறும்போது ரெண்டு இன்ஜினியர்னே. மேல வந்ததும் நாலா? குட்டி போடுதாய்யா?" என்றார். மனுஷனுக்குப் பொறாமை.

என் மனைவி எங்கள் மகளின் பிரசவத்துக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. கீழே நான் ராஜா. மேல்மாடியில் அக்கா. எழுபத்து மூன்று வயது, தையல் ஆலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்றவள், இரண்டு கண்ணிலும் புரை. அவளுடைய பேங்க் வேலை என் பொறுப்பு. நான் தாளில் விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவாள். என்ன தாள் என்று கேட்டதே இல்லை.

மார்ச் 4, புதன்

 

காலை ஒன்பதரைக்கு ஒரு போன். சுங்கத்துறையாம். வெளிநாட்டுக்குப் போகும் பார்சல் ஒன்றைப் பிரித்தார்களாம், உள்ளே தடை செய்த மாத்திரைகளும் ஐந்து பாஸ்போர்ட்டுகளும் இருந்தனவாம். அனுப்பியவர் நான்! என் முகவரியைச் சொன்னார். அடையாள அட்டை எண்ணை முழுசாக வாசித்தார். ஒரு எண்கூடத் தப்பவில்லை. கம்பி அறுந்த லிஃப்டில் நிற்பதுபோல இருந்தது.

"போலீஸுக்கு இணைப்புக் கொடுக்கறேன், நீங்களே பேசிக்குங்க" என்றார். வீடியோவில் ஓர் அதிகாரி வந்தார். சீருடை, பின்னால் சுவரில் முத்திரை, மேசையில் கோப்பு. குரலில் அப்படி ஒரு மரியாதை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும். "சார், உங்க தலைமை அலுவலக லிஃப்டே என் கைவண்ணம்தான். பெரிய பெரிய அதிகாரிங்க எனக்கு சல்யூட் அடிப்பாங்க" என்றேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் சொந்தக் கம்பெனி வைத்து நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்தேன் என்றேன். மாடியும் நம்முடையது, கீழும் நம்முடையது என்றேன். அக்கா பேரில் பேங்கில் கிடப்பதுகூட என் சம்பாத்தியம்தான் என்றேன்.

"அப்படியா சார்... சொல்லுங்க சார்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெற்ற மகள்கூட என் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. முடித்ததும் எல்லாவற்றையும் வரிசையாக வாசித்துக் காட்டினார்.

"எட்டாவது படிச்ச மெக்கானிக்குக்கு இவ்வளவு சொத்து எங்கேர்ந்து வந்தது? அதை ஏன் அக்கா பேர்ல போட்டீங்க?"

"சார்... அது கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன் சார்."

"விசாரணை அதிகாரிகிட்ட பொய் சொன்னீங்களா? அது தனிக் கேஸ்."

சொன்னது உண்மையென்றாலும் கேஸ். பொய்யென்றாலும் கேஸ். நான் எந்தப் பக்கம் போவேன்?

மார்ச் 5, வியாழன்

நான் வீட்டுக் காவலில் இருக்கிறேன். போனிலேயே கைது செய்துவிட்டார்கள்.

போன் வெந்நீர் ஃபிளாஸ்கில் சாய்ந்து நிற்கிறது. கேமரா என் முகத்தில். நோட்டு மேசைக்குக் கீழே, மடியில். கோணல் மாணலாக எழுதுகிறேன். எதிர்ப்பக்கத்தில் ஆள் மாறி ஆள் உட்காருகிறார்கள். இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது, யாரிடம் சொன்னாலும் அவர்களும் கூட்டாளிகள் ஆவார்களாம். கழிவறைக்குப் போவதானால் கை தூக்கிக் கேட்க வேண்டும். அறுபத்து இரண்டு வயதில் கை தூக்கினேன்.

பதினொரு மணிக்கு அக்கா அவள் போனை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். "உன் பொண்டாட்டி. உன் போன் பிஸியாவே இருக்காம்டா."

திரையில் இருந்த ஆளின் கண்கள் இரண்டும் என்னையே பார்த்தன. "வேலை விஷயமாப் பேசிட்டிருக்கேன்" என்றேன் மனைவியிடம்.

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஜலதோஷம்."

அவ்வளவுதான் சொன்னேன். நாற்பது வருஷத்தில் நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது அவளுக்கே சந்தேகமாக இருந்திருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

ஒரு தாளைக் காட்டினார்கள். முத்திரை போட்ட தாள். அதில் அக்காவின் பெயர்.

அவள் பணம் முழுவதும் சோதனைக்குப் போக வேண்டுமாம். அரசாங்கக் கணக்கு ஒன்றில் போட்டால் இரண்டு நாள் சரிபார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்களாம். இல்லையென்றால் திங்கள் மாலை போலீஸ் வண்டி வரும். எனக்கு இல்லை, அவளுக்கு. "பணம் அவங்க பேர்லதானே இருக்கு சார், அவங்கதான் முதல் குற்றவாளி."

அவளுக்குச் சொந்த வீட்டுப் படியே தெரியாது. முன்பின் தெரியாத அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால்? சுவரைத் தடவிக்கிட்டே நிப்பாளே... தண்ணி எங்க இருக்குன்னு யார்கிட்ட கேப்பா? அவ பேரை அவங்க வாயில போட்டது நான்தானே. யாராவது கேட்டாங்களா அக்கா இருக்காளான்னு? நானா சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன்.

சரி என்றுவிட்டேன்.

மார்ச் 7, சனி

சாப்பிடவில்லை. தெருவில் கார் கதவு சாத்தும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நிமிர்ந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவிடம் சொல்லிவிட்டேன். வேறு பேங்கில் வட்டி அதிகம், நாளைக்கு மாற்றப் போகலாம் என்று. எத்தனையோ கதை அளந்திருக்கிறேன், அவளிடமும் அளந்திருக்கிறேன். அதெல்லாம் கதை. இது பொய்.

"நீ சொன்னா சரிடா" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

போன் சட்டைப்பையில். இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பேங்கில் காரணம் கேட்டால் 'மருத்துவச் செலவு', இரண்டே வார்த்தை, அதற்கு மேல் பேசக் கூடாது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பேங்க் படிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினாள். பதினான்கு. மூச்சுகூட வாங்கவில்லை. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவுன்டருக்குப் போனேன்.

கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண். என் மகள் வயது இருக்கும். "முழுசையும் எடுக்கறீங்களே, என்ன விஷயம்?" என்றாள்.

"மருத்துவச் செலவு."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். "அடடா, யாருக்கு சார்?" என்று அந்தப் பெண் கொஞ்சம் இரக்கமாகக் கேட்டுவிட்டாள்.

"அக்காவுக்கு. இதயத்துல ஆபரேஷன். நாளைக்குக் காலைல. ஏழு டாக்டருங்க சேர்ந்து பண்றாங்க. ஒருத்தர் வெளிநாட்டுலேர்ந்து இதுக்குன்னே விமானத்துல வர்றார். பன்னிரண்டு மணி நேரம் ஆகுமாம். இதயத்தை வெளியில எடுத்துக் கழுவி வைக்கணுமாம்..."

சட்டைப்பைக்குள் யாரோ மெல்ல இருமினார்கள். நான் நிற்கவில்லை. நிற்க முடியவில்லை.

அந்தப் பெண் என் தோளுக்கு மேலே எட்டி அக்காவைப் பார்த்தாள். அக்கா பக்கத்து நாற்காலிக்காரியின் கைப்பை விளிம்பைத் தடவி, "இந்தத் தையல் மூணு மாசம்கூட வராது, விலை எவ்வளவு கொடுத்தே?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பேங்க்காரப் பெண் எழுந்து, சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஆபரேஷனாமேம்மா, பயமா இருக்கா?"

"எனக்கா? எனக்குக் கண்ணுலதாம்மா கோளாறு. அதுக்கே அடுத்த மாசம்தான் வரச் சொல்லியிருக்காங்க."

திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதி என் பக்கம் நகர்த்தினாள். 'போனில் இப்போது யாராவது இருக்கிறார்களா?'

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். இல்லை என்று தலையாட்டினால் எல்லாம் முடிந்துவிடும், அக்காவுக்கு வண்டி வராது என்று நினைத்தேன். ஆனால் என் தலை ஆமாம் என்று ஆடியது. நான் ஆட்டவில்லை. தானாக ஆடியது.

அவள் போனுக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். "யாருங்க அங்கே? சார்? என்ன பண்றீங்க?" என்று ஒரு கத்தல். சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

ஐந்து நாள் கழித்து அந்த அமைதி.  கவுன்டர் ஓரத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாக. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அக்கா தடவித் தடவி வந்து என் தலையைக் கண்டுபிடித்தாள். "டேய், என்னடா? யாருக்கு என்னடா ஆச்சு?"

மார்ச் 10, செவ்வாய்

காவல் நிலையத்துக்குப் போனோம், நிஜமானதற்கு. வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் அந்த முகம் உட்கார்ந்திருக்குமோ என்று.

ஒரு பெண் அதிகாரி புகாரை வாங்கினார். அடையாள எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "அட்டையோட ஜெராக்ஸை இதுவரைக்கும் எத்தனை கடையில கொடுத்திருப்பீங்க?" என்றார். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

"இங்க யாரும் போன்ல கைது பண்ண மாட்டோம் ஐயா. பணத்தை வேற கணக்குல போடுன்னு எந்த ஆபீஸும் சொல்லாது. வீட்டுல சொல்லாதேன்னு ஒருத்தன் சொன்னா, அந்த நிமிஷமே போனை வெச்சிடுங்க. சந்தேகமா இருந்தா ஆபீஸ் நம்பரை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்க. அவன் கொடுக்கற நம்பர் வேண்டாம்."

அக்கா என் முழங்கையைப் பிடித்தபடி வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "வட்டி ஜாஸ்தின்னு சொன்னியே" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது தெரிந்திருக்காது.

"என்னைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னுதானே பயந்தே? என்கிட்ட வந்து சொல்லியிருந்தா, சரிடா, போயிட்டு வர்றேன்னு சொல்லியிருப்பேன். என் வயசுக்கு அதையும் பார்த்துட்டா என்ன?" அப்புறம், "இனிமே விரல் வைக்காதே. படிச்சுக் காட்டு. ஒரு வரி விடாம" என்றாள்.

கடைசியில் மனைவியிடமும் மகளிடமும் எல்லாம் சொன்னேன். மகள் திட்டினாள். மனைவி திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

தெரியாத எண்ணிலிருந்து நான்கு முறை. எடுக்கவில்லை. மூன்று மணிக்கு வாசலில் வண்டி நின்றது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். எதிர்வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த வண்டி.

அவர்களிடம் என் முகம் இருக்கிறது. வீட்டு முகவரி இருக்கிறது. ஏமாற்றுக்காரர்கள் என்று மூளைக்குத் தெரிகிறது, முதுகுக்குத் தெரியவில்லை.

அக்காவும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எந்த ஆபீஸ் கூப்பிட்டாலும் அவள் "தம்பிகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட வேண்டும். நான் "அக்காகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட வேண்டும். "உனக்குத்தான் இது ஜாஸ்தி தேவை" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

குடியிருப்போர் கூட்டம். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு விளக்கு எல்லாம் முடிந்ததும் அக்கா என் விலாவில் இடித்தாள். "எழுந்திரு. சொல்லு."

எழுந்தேன். பார்சலிலிருந்து தொடங்கினேன். அவர்கள் பத்துப் பேர் என்று வாய் வரை வந்தது. மூன்று பேர்தான் பார்த்தேன், மூன்று என்றேன். நான் பீற்றிக்கொண்டதைச் சொன்னேன், கை தூக்கியதைச் சொன்னேன். ஏழு டாக்டரைச் சொன்னதும் கூடம் அதிரச் சிரித்தார்கள். பேங்க் தரையில் அழுததைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லி முடிக்க ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. உண்மை இவ்வளவு சின்னதா என்று எனக்கே ஆச்சரியம்.

எல்லாரும் கலைந்தார்கள். கம்பவுண்டர் மட்டும் நாற்காலியை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார். சிரித்த கூட்டத்தில் அவர் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தாடி மழிக்காமல் மூன்று நாள் இருக்கும்.

"தரையில உக்காந்து அழுதேன்னியே" என்றார். "அது கதையா, நிஜமா?"

"நிஜம்தான்யா."

"எனக்கு வெள்ளிக்கிழமைலேர்ந்து" என்றார்.  "வருமான வரி ஆபீஸாம். கடைல வேலை பார்த்த காலத்துக் கணக்காம். நாலு மணிக்குக் கூப்பிடுவாங்க. வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க. மகன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

மணி நாலாக எட்டு நிமிஷம். நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  போனை அவர் முழங்காலிலிருந்து எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

சரியாக நாலுக்கு அடித்தது. அவர் கை தானாகப் போன் பக்கம் நீண்டது, நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.  அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை ஓய்ந்த பிறகு, "மகன் நம்பரைப் போட்டுக் கொடுய்யா" என்றார்.