சித்தார்த்தின் கறுப்பு வண்டி

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே விளாங்குடியில் நாங்கள் நாலு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க பாண்டி முனி துணையிருக்கட்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், சிலதை அவள் முன்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் கார் வாங்கிய படம் வந்ததிலிருந்து, அந்த ஊரில் எலுமிச்சம்பழம் கிடைக்குமா, சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றினார்களா என்று ஓயாமல் கேட்கிறாள். ஏன் கேட்கிறாள் என்று உனக்குத் தெரியும். உன் தம்பி முகேஷ் பைக் எடுத்த அன்றைக்கு, எலுமிச்சம்பழம் என்ன பிரேக்காம்மா என்று சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனவன். அதே பைக்கில் ஒருநாள் உசிலம்பட்டிக்குப் போனான், மத்தியானம் சாப்பிட வந்துருவேன் என்று சொன்னதோடு சரி. அந்தப் பழம் நசுங்காததுதான் காரணம் என்று உன் அம்மா இன்றைக்கும் நம்புகிறாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் தெருவில் ஒரு பைக் சத்தம் கேட்டால் நானும் அம்மாவும், முகேஷ் பெண்டாட்டி முத்துச்செல்வியும், பிள்ளை சித்தார்த்தும் சேர்ந்தாற்போல் கேட்டைப் பார்க்கிறோம். பார்த்துவிட்டுப் பார்க்காதவர்கள் மாதிரி அவரவர் வேலைக்குத் திரும்புகிறோம். இதை நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சித்தார்த் பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில், சின்னப் பிள்ளைகளுக்கான குருளையர் அணியில் சேர்ந்திருக்கிறான். சாரணர் மாஸ்டர் வெங்கடேஷ்பாபு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரக்கட்டையும் நாலு சக்கரமும் கொடுத்து, வீட்டில் வண்டி செய்துகொண்டு வா, பந்தயம் விடலாம் என்று சொல்லியனுப்பினார். மோட்டார் கிடையாது, சாய்வாக வைத்த நீளப் பலகையின் உச்சியில் விட்டால் தானாக உருண்டு கீழே வர வேண்டும், ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று ஓட்டம். கட்டையை நான் இழைத்துக் கொடுத்தேன், சிம்மக்கல் போய்ப் பெயிண்டும் வாங்கிவந்தேன். பளபளவென்று கறுப்புத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான், முகேஷ் பைக் நிறம் அது என்று அப்போதே என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும். பந்தயத்தன்று பலகை உச்சியில் வைத்தபோதுதான் பார்த்தேன், வண்டி முன்னால் வெள்ளையில் 4172 என்று எழுதியிருந்தான். முகேஷ் பைக்கின் நம்பர் அது. அப்பன் உடம்பைக் கொண்டுவந்தபோது அவனுக்கு ஆறு வயது, பயந்துவிடுவான் என்று பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம், முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. முத்துச்செல்வியும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டாள், சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் ஓட்டத்தில் மற்ற வண்டிகள் எல்லாம் இறங்கிப் போய்விட்டன, இவன் வண்டி பாதிப் பலகையில் நின்றுவிட்டது. காரணம் யார் என்கிறாய், உன் அம்மாதான். கிளம்புவதற்கு முன் யாருக்கும் தெரியாமல் சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு எலுமிச்சம்பழத்துக்குமேல் வண்டியை வைத்து அழுத்தி நசுக்கியிருக்கிறாள், அந்தச் சாறும் சந்தனமும் அச்சில் இறங்கிக் காய்ந்து பிசின் மாதிரி பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை விட்டுறக் கூடாதுன்னுதானே செஞ்சேன் என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள், நான் திட்ட வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். சித்தார்த் அழவில்லை, நடுப்பலகையில் நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டு, அங்கனயே நின்னுருச்சு தாத்தா என்றான். கல்யாண வீட்டில்கூடக் கடைசி வரிசையில் உட்காருகிற முத்துச்செல்வி அத்தனை பேருக்கு நடுவே போய் வண்டியை எடுத்தாள். முந்தானையை நனைத்து அச்சைத் துடைத்தாள், ஒரு பிள்ளையிடம் பென்சில் வாங்கி, சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடட்டும் என்று கரியைச் சுரண்டி அச்சில் போட்டாள். பிறகு பலகையின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தலையணை வச்சிருக்கும்மா, வண்டி அதுல முட்டி நின்னுக்கிரும் என்று மாஸ்டர் சொன்னார், அவள் எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் வண்டி எங்கும் நிற்காமல் இறங்கி வந்து அவள் உள்ளங்கைகளில் சேர்ந்தது. எத்தனையாவதாக வந்தது என்று நாங்கள் யாருமே பார்க்கவில்லை. சித்தார்த் ஓடி வந்து, அப்பா வந்துட்டாங்கம்மா என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் சொல்வது மாதிரிதான் சொன்னான். மூன்றாவது ஓட்டத்துக்கு மாஸ்டர் கூப்பிட்டபோது வண்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வேணாம் சார், இப்பத்தான் வந்திருக்காங்க, திரும்ப அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மூன்றும் ஓடினால்தான் கணக்கில் சேரும் என்றார்கள், அவன் கேட்கவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வண்டி இப்போது வீட்டுக்குள் எங்கள் செருப்புகளோடு வாசற்படி ஓரமாக நிற்கிறது. பெருக்கும்போது முத்துச்செல்வி அதைத் தூக்குவதில்லை, சுற்றிப் பெருக்குகிறாள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் சித்தார்த் இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்கள் மூன்று பேரும் இன்னும் பார்க்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அவனிடம் பேசும்போது என்ன பரிசு வாங்கினாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், காரை நிதானமாக ஓட்டச் சொல். வேலை முடிந்து வீடு சேர்ந்ததும், வந்துட்டேன் என்று தினமும் ஒரு வார்த்தை அனுப்பு தாயி. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் சரி, நான் விழித்துத்தான் இருக்கிறேன்.

உன் அப்பா,
ஆண்டிச்சாமி