என் அண்ணன் சாகிற பக்கம்

அய்யலூர்
22.1.2024

அன்பான தாயி இசைவாணிக்கு,

ராமர் சொல்லி எழுதுவது. போனில் பேசினால் எனக்குக் காது எடுக்கவில்லை. அதனால் என் பேரன் பொண்டாட்டி அறிவுச்செல்வி கையால் இந்தக் கடுதாசி. நீ எழுதிய நாவல் வந்து சேர்ந்தது. அட்டையில் என் அண்ணன் சோலைமலை துப்பாக்கியோடு நிற்கிறான். காது மட்டும் அவனுக்கு அம்புட்டுப் பெருசு இல்லை.

அறிவு தினமும் சத்தமாக வாசித்தாள். நூறு வயசை நெருங்கிவிட்ட அண்ணன் பொண்டாட்டி மூக்காயி மதினியும் உட்கார்ந்து கேட்டாள். தாலி கட்டிய வருசமே அவன் ரங்கூனுக்கு வேலைக்குப் போனது, வெள்ளைக்காரன் ராச்சியம் ஆட்டம் கண்டபோது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது, எல்லாம் நான் சொன்னபடி இருக்கு. அதுக்குப் பிறகு சேதியே இல்லை என்றுதானே சொன்னேன்? நீ அவனை ஐராவதிக் கரையில் குண்டடிபட்டு, நான்சி என்கிற நர்சு மடியில் சாகடித்துவிட்டாய்.

மதினி எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். சாவுச் சேதி எப்போது காதில் விழுந்தாலும் அப்பவே ஊற்றுவது எங்கள் வழக்கம். தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டாள். "இது கதை மதினி"ன்னு கத்தினேன்.

"பேரு, ஊரு எல்லாம் அச்சுல இருக்கு. சும்மா இருங்க கொழுந்தனாரே. அந்தப் பொம்பளை கடைசியில தண்ணி குடுத்தாளே, நல்லா இருக்கட்டும்"னுட்டாள்.

அன்றைக்கு ரெண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டு, அசந்து தூங்கினாள். புத்தி பிசகிவிட்டதோ என்று பயமாக இருக்கு. அந்த வெறுங்கழுத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணனை எப்படியாவது உயிரோடு விடு தாயி.

ராமர்
(கைநாட்டு)


சென்னை
3.2.2024

மதிப்பிற்குரிய ராமர் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ஆடிப்போனேன். "பேரை மாத்திறாத, அதாச்சும் மிஞ்சட்டும்" என்று நீங்கள் கேட்டதால்தான் சொந்தப் பெயர்களையே வைத்தேன். நாட்டுக்காக உயிரைக் கொடுத்தார் என்று எழுதினால் உங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மறுபதிப்பு அச்சில் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தை மாற்றிவிட்டேன். இப்போது அவர் சாகவில்லை. நான்சி அவரைப் பிழைக்க வைக்கிறாள். பர்மாவில் ஒரு கிராமத்தில், பேரப்பிள்ளைகளோடு வயதாகி வாழ்கிறார். அச்சான பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மூக்காயி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். மன்னியுங்கள்.

உங்கள்
இசைவாணி


அய்யலூர்
19.2.2024

தாயி,

உன் பக்கங்கள் வந்ததும் "மதினி, அண்ணன் சாகலை"ன்னு நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அறிவு வாசித்தாள். மதினி முழுசும் கேட்டாள்.

"உசுரோட இருந்தும் வரலையா?"

"வழி தெரியலையோ என்னவோ"ன்னேன்.

"ஐராவதியத் தாண்டத் தெரிஞ்ச மனுசனுக்கு அய்யலூர் தெரியலையாக்கும்! ஏத்தா அறிவு, புள்ளை குட்டி இருக்கா, பாரு."

"அப்படி எதுவும் போடலை அப்பத்தா."

"வாசிக்கயில ஒரு இடத்துல முழுங்குனியே, அங்க பாரு."

அறிவு அழுதுவிட்டாள். மதினிக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறாள். கஞ்சியைக் கிட்டக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்கிறாள். இதுவும் கதைதான் என்று சொல்லிப் பார்த்தேன். "முதல்ல தப்பாப் போட்டுட்டாக, இப்பத் திருத்திப் போட்டிருக்காக"ன்னு சொல்கிறாள். அச்சுக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

முதல் புத்தகம் கேட்ட பிறகுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதைப் போய் நான் பைத்தியம் என்று எண்ணினேன்.

இன்னொரு பக்கம் அச்சடித்து அனுப்பு. ஊருக்குக் கிளம்பி வருகிற வழியிலேயே அவன் விழட்டும். புள்ளை குட்டி வேண்டாம். நம்புவாளோ மாட்டாளோ, தெரியாது. அது வந்து சேருகிற வரைக்கும் இவள் தாங்குவாளா, அதுவும் தெரியாது. வேறு என்ன செய்ய?

அண்ணன் உயிரோடு வரணும் என்று ஆயுசு பூராவும் சாமியைக் கேட்டவன் நான். அவன் சாகட்டும் தாயி.

ராமர்
(கைநாட்டு)