கைமாற்றும் ஸ்டேஷன்

அன்புள்ள பாப்புவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியம்தானே, இங்கேயும் சௌக்கியம் என்று எழுதப் பார்க்கிறேன், பேனா ஓடமாட்டேன் என்கிறது. அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று உன் அண்ணன்கள் போனில் சொல்லியிருப்பார்கள். நடந்ததை என் வாயாலும் கேட்டுக்கொள்.

பெரியவன் வீட்டில் ஒரு மாதம், சின்னவன் வீட்டில் ஒரு மாதம் என்பது அப்பா போன பிறகு நீங்கள் மூன்று பேரும் பேசி வைத்த ஏற்பாடுதானே. ஒருவன் வீட்டு வாசலை மற்றவன் மிதிப்பதில்லை. அதனால் இருவர் வீட்டு மெட்ரோ லைனும் சேருகிற அந்தச் சுரங்க ஸ்டேஷனில்தான் என்னைக் கைமாற்றுவார்கள். எஸ்கலேட்டருக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒருவன் உட்காரவைத்துவிட்டுப் போவான், மற்றவன் வந்து பையைத் தூக்குவான், "எல்லாம் எடுத்துக்கிட்டியா" என்பதோடு சரி. போன வாரமும் பெரியவன், "அவன் வந்துக்கிட்டே இருக்கான்மா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்று வந்த ரயிலில் ஏறிவிட்டான். சின்னவன் வரவே இல்லை. பூமிக்கு அடியில் பொழுது போவது எங்கே தெரிகிறது, ரயில் வரும்போது ஒரு காற்று, போகும்போது ஒரு காற்று. கூட்டம் இறங்கி இந்த லைனிலிருந்து அந்த லைனுக்கு ஓடும், எல்லோருக்கும் போகிற இடம் தெரிந்திருந்தது. கடைசியில் தரை துடைக்கிற பெண்தான் என்னைக் கவுண்டருக்குக் கூட்டிப்போனாள். பையன்கள் நம்பர் எனக்கு மனப்பாடம், அங்கே இருந்தவள் போன் போட்டாள். மச்சினி குடும்பம் வந்திருக்கிறது, அடுத்த வாரம்தான் முடியும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேனே என்றானாம் சின்னவன். அது அவன் பாடு, என் முறை முடிந்தது என்றானாம் பெரியவன். இதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அந்தக் கவுண்டர்ப் பெண் முதலில், "டீ குடிக்கிறீங்களாம்மா" என்றாள்.

கவுண்டரிலிருந்து மறுபடி மறுபடி கூப்பிட்டதில் சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, "நீ கூட்டிட்டுப் போ", "ஏன், உன்னைப் பெத்தவ இல்லையா" என்று ஒருவரையொருவர் பார்த்துக் கத்தினார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால் நான் ஏற்கெனவே பூமிக்குள்தான் நிற்கிறேன். செக்யூரிட்டி வந்து, "யாராவது ஒருத்தர் கூட்டிட்டுப் போங்க சார், இங்க விட்டுட்டுப் போகக்கூடாது" என்றார். பாப்பு, அந்த வார்த்தைதான். பையை நானே எடுத்துக்கொண்டேன். அங்கே மூன்றாவதாக ஒரு லைன் உண்டு, உன் அண்ணன்கள் வீட்டுப் பக்கமே போகாதது. அதில் ஏறிவிட்டேன். "எங்கம்மா போற" என்று பெரியவன் கேட்டான். கதவு மூடக் கொஞ்ச நேரம் ஆயிற்று, ஏறுகிறவன் ஏறியிருக்கலாம்.

உங்களை வளர்க்க நான் தைத்துக்கொண்டிருந்த கடைக்குத்தான் வந்தேன். முதலாளியம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை, மாடி அறையைத் திறந்துவிட்டாள். சட்டைக்குக் காஜா போட இன்னும் கண் தெரிகிறது. நீ உடனே, "இங்கே வந்துடும்மா" என்று ஆரம்பிக்காதே. போன தடவையும் அப்படித்தான் கூப்பிட்டாய், இரண்டே நாளில் "இங்கே குளிர் உனக்கு ஒத்துக்காதும்மா" என்றும் நீதான் சொன்னாய். குளிர்மேல் எனக்குக் கோபமில்லை.

குட்டிக்கு இருமல் என்றாயே, ஆறிய பால் கொடுக்காதே. எனக்காக அண்ணன்களோடு சண்டைக்குப் போகாதே. நீங்கள் மூவரும் நன்றாக இருங்கள், வயதான காலத்தில் உங்கள் பிள்ளைகள் உங்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், அதுதான் என் ஆசீர்வாதம். பதிலை உறையின் பின்னால் இருக்கிற விலாசத்துக்குப் போடு. அண்ணன்களிடம் விலாசம் கேட்காதே, அவர்களுக்குத் தெரியாது, இதுவரை தேடியதாகவும் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மூவரையும் பெற்ற
அம்மா