ஆறுக்கு ஆறு

ஜனவரி 8, வியாழன்

இன்று பதினேழு பேருக்குக் காது சோதித்தேன். கடைசியாக வந்தவள் அக்கா. வருடத்துக்கு ஒரு முறை அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்து, கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வலது காதில் கீச்சொலிகளுக்கான வரைபடக் கோடு போன வருடத்தைவிட இறங்கியிருக்கிறது. பாட்டில் கம்பெனியில் மூடி திருகும் மிஷினுக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடம் நின்றால் வேறென்ன ஆகும்?

காதடைப்பான் போடுகிறாயா என்று கேட்டேன். சூப்பர்வைசர் வரும்போது போடுவாளாம். எனக்கு வந்ததே கோபம். ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடந்துகொள்கிறாயே என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"காத அடைச்சுக்கிட்டா மிஷின் சொல்றத யாருடி கேக்கறது? பேரிங் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அது சளி பிடிச்ச மாதிரி பேசும். அது எனக்குக் கேக்கணும்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 9

சளி பிடித்த மாதிரி. காலையிலிருந்து இதுவேதான் மண்டைக்குள் ஓடுகிறது. பன்னிரண்டு வருடமாக மிஷின் ஆட்களுக்குக் காதடைப்பான் கொடுக்கிறேன். அவர்கள் அதைப் போடவில்லையென்றால் படிவத்தில் "அலட்சியம்" என்று எழுதுகிறேன். ஏன் போடவில்லை என்று ஒருத்தரிடமாவது கேட்டேனா? கேட்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

காது டாக்டர் ஓர் அறிவிப்பைக் காட்டினார். பல்கலைக்கழகத்தில் பல்துறை முனைவர் பட்ட ஆய்வுத் திட்டம். நான்கு வருடம், மாதாமாதம் உதவித்தொகை. மொத்தமே பன்னிரண்டு இடம். வயது வரம்பு நாற்பது. எனக்கு ஆகஸ்டில் நாற்பது முடிகிறது. இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

ஒரு நிபந்தனை. இரண்டு வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு வழிகாட்டிகள் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

என் கேள்வி தயாராக இருக்கிறது. மிஷினின் பேச்சை மறைக்காமல் இரைச்சலை மட்டும் தடுக்கும் காதடைப்பான் சாத்தியமா? அதற்கு முதலில், மிஷினோடு இருப்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன். கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "உன் வாயில இந்த அளவுக்கு சந்தோஷமா ஒரு கேள்வி வந்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

ஜனவரி 30

பந்தாடுகிறார்கள். இயந்திரவியல் பேராசிரியர் நான் எழுதியதைப் படித்துவிட்டு, நல்ல கேள்விதான், ஆனால் இது உளவியல் என்றார். மாடியேறி உளவியல் பேராசிரியையிடம் போனேன். நல்ல கேள்விதான், ஆனால் இது இயந்திரவியல் என்றார். இரண்டு பேரும் அன்பாகத்தான் பேசினார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி 7, சனி

அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "வந்துட்டியா, வெங்காயத்த உரி" என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

அவள் கம்பெனி மெக்கானிக் ஆறு மிஷின்களின் சத்தத்தைப் பதிவுசெய்து கொடுத்திருந்தார். எதில் என்ன கோளாறு என்று எழுதி, தனியே ஓர் உறையில் போட்டு ஒட்டியிருந்தார். சமையலறையிலேயே அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம்கூட ஆகவில்லை. இது பெல்ட் தளர்ந்தது, இது நன்றாக இருக்கிறது, இதற்கு எண்ணெய் போடாமல் எவனோ ஏமாற்றியிருக்கிறான்... சொல்லிக்கொண்டே போனாள். உறையைப் பிரித்தேன். ஆறுக்கு ஆறு.

அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "இதுல என்ன அதிசயம்?" என்று கேட்டாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டு பேராசிரியர்களையும் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தேன். ஒருவர் பின் ஒருவராகக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, அதே ஆறு பதிவுகளைப் போட்டேன். இயந்திரவியலுக்கு இரண்டு சரி. உளவியலுக்கு ஒன்று. நானும் உறையைத் திறப்பதற்கு முன்னால் அக்கா வீட்டில் ரகசியமாக எழுதிப் பார்த்திருந்தேன். எனக்கும் ஒன்றுதான். காது சோதிப்பதே என் பிழைப்பு!

ஆறையும் சரியாகச் சொன்னவர் இருக்கிறார் என்றேன். இயந்திரவியலார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரும்மா அது?" என்றார்.

"என் அக்கா."

இந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது. இருக்கட்டும். பெருமையாக இருந்தால் குரல் ஓங்கத்தான் செய்யும். இரண்டு பேரும் வழிகாட்ட ஒப்புக்கொண்டார்கள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பதினோரு பக்க ஆய்வுத் திட்டத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன், வேறெதற்கு? அவள் எதையும் முழுசாகப் படிக்காமல் விடமாட்டாள். சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போயிருக்கும்போது என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். ஒவ்வொரு பாடத்து மதிப்பெண்ணையும் விரல் வைத்துப் படித்து முடிக்கும்வரை என்னை நிற்க வைப்பாள். இன்றும் அப்படியே விரல் வைத்துப் படித்தாள். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது.

"பங்கேற்பாளர் 1: பெண், வயது 46, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்" என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே, "பழுதுக்கு இரண்டு நாள் முன்பே ஒலியில் அடைப்புத் தன்மை தோன்றுவதை ஆய்வாளர் கண்டறிந்தார்."

"ஆய்வாளர்னா யாரு?"

நான்தான் என்றேன்.

"நான் சொன்னதெல்லாம் நீ கண்டுபிடிச்சது. படிப்ப முடிக்கலன்றது மட்டும் நானு. அதுவும் பேரு கூட இல்ல, நம்பரு."

கத்தவில்லை. காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். ஐயோ, கத்தியிருந்தா கூட பரவால்லையே. எப்படி எழுதினேன் அப்படி? எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க - இதெல்லாம் ஒரு பதிலா?

பிப்ரவரி 23

அவள் சொன்னது சரி. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சரி.

பிப்ரவரி 26, வியாழன்

நாளை மறுநாள் கடைசி நாள். நான்காம் பக்கத்தை அடியோடு மாற்றினேன். விண்ணப்பத்தில் "பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து நிபுணர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதலில் அதில் "பொருந்தாது" என்று போட்டிருந்தேன். இப்போது அக்காவின் பெயரை எழுதினேன். தொழில்: மூடி மிஷின் இயக்குநர். அனுபவம்: பத்தொன்பது வருடம். கல்வித் தகுதி என்ற இடத்தில், உள்ளது உள்ளபடி, ஒன்பதாம் வகுப்பு.

இயந்திரவியலார் போனில் தயங்கினார். அந்தக் கட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களைத்தான் குழு எதிர்பார்க்கும், இதனாலேயே இடம் போகலாம் என்றார். காலியாக விட்டால் யாரும் கேட்கமாட்டார்களாம்.

நாற்பது வயது, கடைசி வாய்ப்பு, எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். அந்தக் கட்டம் அப்படியே இருக்கட்டும், சார்.

பிப்ரவரி 27

நிபுணர் சம்மதக் கையெழுத்து வேண்டும். போனேன். உட்காரச் சொல்லவில்லை. பதினோரு பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். பத்தொன்பதை அடித்துவிட்டு இருபது என்று எழுதினாள். "இந்த மாசத்தோட இருபது" என்றாள். கையெழுத்துப் போட்டாள். மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் எதுவும் அங்கே இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

நேர்காணல். ஐந்து பேர், நீள மேஜை. இருபது நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஓரத்தில் இருந்தவர் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தார். ஒன்பதாம் வகுப்புப் படித்தவர் எப்படி நிபுணர் ஆவார் என்று கேட்டார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஒத்திகை பார்த்த பதில் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆறு பதிவுகளின் கதையைச் சொன்னேன். பேராசிரியர்களின் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை, என்னுடையதைச் சொன்னேன். ஆறுக்கு ஒன்று. "இந்த ஆய்வுல கத்துக்கப் போறவ நான், கத்துக்குடுக்கப் போறவங்க அவங்க. இத மறைச்சு எழுதினா ஆய்வே பொய்யாயிடும்" என்றேன். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மே 3

ஒரு தகவலும் இல்லை. கணவர் என்னிடம் பேசும்போதே என் போனைத்தான் பார்க்கிறார்.

மே 20, புதன்

கிடைத்துவிட்டது!

வந்த மின்னஞ்சலை ஐம்பது தடவை படித்துவிட்டேன். பன்னிரண்டில் ஒன்பதாவது பெயர் என்னுடையது. கீழே ஒரு நிபந்தனை: வெளி நிபுணர் ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும், அவரும் கையெழுத்திட்டால்தான் ஆய்வும் உதவித்தொகையும் ஒவ்வொரு வருடமும் தொடரும். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். "அப்ப நான் போடலன்னா?" என்று கேட்டாள். எந்த வருடமானாலும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். அவ்வளவு நேரம் சிரித்ததை நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 6, திங்கள்

முதல் குழுக் கூட்டம். மேஜையில் மூன்று பெயர்ப் பலகைகள். நடுவில் இருந்தது அக்காவுடையது. இஸ்திரி போட்ட புடவையில் வந்திருந்தாள். உட்காருவதற்கு முன்னால் அந்தப் பலகையை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

என் முதல் வருட வேலைத் திட்டம், பதினான்கு பக்கம். பேராசிரியர்கள் ஐந்து நிமிடத்தில் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அக்கா முதல் வரியில் விரலை வைத்தாள். டீ வந்தது, ஆறியது. இயந்திரவியலார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் பிரதியை எடுத்து அவரும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. பழைய படிவங்களைப் பற்றிய பத்தி. "தொழிலாளர்களின் அலட்சியம்" என்று பழக்கதோஷத்தில் எழுதித் தொலைத்திருக்கிறேன். அக்கா பேனாவை மட்டும் என் பக்கம் நீட்டினாள். வாங்கி, அந்தச் சொல்லை அடித்தேன். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் கையெழுத்துப் போடும்வரை நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.