வலப்பக்கம் குழாய் வைத்த டேங்க்

உன் கருமாதிக்கு உசிலம்பட்டி வந்திருந்தேன். அதுவரை என்னைப் பார்த்திராத உன் மனைவி, பெயரைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு சின்னத் தகர டேங்க்கை எடுத்து வந்தார். "அவுக கடைசியா இதத்தாண்ணே நோண்டிக்கிட்டு இருந்தாக. எனக்கு என்ன தெரியும், நீங்களே கொண்டு போங்க." திரும்பும் பேருந்தில் முகர்ந்து பார்த்தேன். பற்றவைத்த ஈயத்தின் வாடை இன்னும் போகவில்லை.

கல்லூரி நாட்களில், திருவாதவூர் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் நாம் மாடல் விமானம் விட்டோம். விமானத்தில் கட்டிய இரண்டு எஃகுக் கம்பியைப் பிடித்து நடுவில் நிற்போம். அது நம்மைச் சுற்றும். சுற்றும் வேகத்தில் எரிபொருள், டேங்கின் வெளிச்சுவருக்கு ஒதுங்கும். குறையக் குறைய இன்ஜின் திணறும். புகைக்குழாயின் அழுத்தத்தை ஒரு ரப்பர் குழாய் வழியே டேங்குக்குள் திருப்பலாம் என்று சொன்னவன் நான். "டேங்குக்கு என்ன இளைப்பா மாப்ள, ஊதிவிடச் சொல்ற?" என்று சிரித்தாய். பிறகு நான் வரைந்தேன், நீ தகரம் வெட்டினாய். கடைசிச் சொட்டுவரை இன்ஜின் ஒரே சுருதியில் ஓடியது.

கல்லூரிக் கண்காட்சிக்கு வந்தவர் இது யார் யோசனை என்று கேட்டபோது, "நாந்தான் சார் டிசைன் பண்ணேன்" என்றாய். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அன்றோடு உன்னிடம் பேச்சை விட்டேன். உன் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்கவும் இல்லை. சின்ன விஷயம் என்பார்கள். எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான்.

வீட்டில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். டேங்கின் பின்தகடு இன்னும் மூடப்படவில்லை. உள்ளே, எரிபொருளை உறிஞ்சும் குழாய் வலது சுவரை ஒட்டியிருந்தது. நீ இடதுகைக்காரன். எல்லோருக்கும் எதிர்த்திசையில் சுற்றுவாய். உன் விமானத்துக்கு வெளிச்சுவர் இடப்பக்கம்; குழாயும் அங்கேதான் வேண்டும். இந்த டேங்க் உனக்கு உதவாது. என் வலது கைக்குத்தான் உதவும். நீ கை தவறிச் செய்கிறவனும் இல்லை.

தகரத்தில் சொன்னதை வாயால் சொல்லியிருக்கலாமே. உசிலம்பட்டியிலிருந்து இங்கே மதுரைக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

பின்தகட்டைப் பற்றவைத்தால்தான் அழுத்தம் நிற்கும். பற்றவைத்துவிட்டால், உள்ளே நீ எனக்காக வைத்த குழாயை இனிப் பார்க்க முடியாது. சால்டரிங் அயர்னைச் சூடாக்குகிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்துவிடுகிறேன்.